வேலி ஊரான கதை

கி.பி. 690 வாக்கில் இங்கிலாந்தின் தென்பகுதியில் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட இனே என்ற அரசன் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டான். அதில் ஒரு விதி, குடியானவன் தன் மனையைக் கோடையிலும் குளிரிலும் வேலி அடைத்தே வைத்திருக்க வேண்டும் என்கிறது. அடைக்காமல் விட்ட வழியில் பக்கத்து வீட்டு மாடு நுழைந்து மேய்ந்துவிட்டால், மாட்டை விரட்டிக்கொள்ளலாம். நட்டஈடு கேட்க முடியாது.

வேலி அடைப்பதைக் குறிக்க அந்த விதியில் வரும் வினைச்சொல், 'டூன்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் டூன் என்றால் அடைப்பு, அடைக்கப்பட்ட மனை. அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல்லுக்கு இன்றும் வேலி என்றுதான் பொருள். டச்சு மொழியில் அது வேலியைத் தாண்டி உள்ளே போய், தோட்டத்தோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் மனை பண்ணையாகி, பண்ணை ஊராகி, கடைசியில் 'டவுன்' ஆயிற்று. பிரைட்டன், வாஷிங்டன் என்று 'டன்' ஒட்டிய பெயர்களில் ஒளிந்திருப்பது இந்த டூன்தான். வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கும், குன்னூரை அடுத்த நம் வெலிங்டனிலும் அந்த வேலியின் ஒரு துண்டு இருக்கிறது.

வேலிகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. இனேக்கு இரு நூற்றாண்டு கழித்து வந்த ஆல்ஃபிரட் மன்னனின் சட்டத்தில், அடைப்பை உடைத்துப் புகுந்தவனுக்கு அபராதப் பட்டியல் இருக்கிறது. அரசனின் அடைப்பு என்றால் 120 ஷில்லிங், பேராயருடையது 90, ஆயருடையது 60. இப்படியே இறங்கிக் குடியானவனிடம் வரும்போது வெறும் 5 ஷில்லிங். தொகை மட்டுமா குறைகிறது? சொல்லும் மாறிவிடுகிறது. பெரியவர்களின் அடைப்புக்கு 'புர்ஹ்', குடியானவனின் அடைப்புக்கு 'எடோர்'. முன்னது அரண், பின்னது சாதாரண வேலி. குற்றம் ஒன்றுதான், ஆனால் யார் வீட்டு வேலி என்பதைச் சட்டம் சொல்லிலேயே பிரித்து வைத்தது.

அந்தப் புர்ஹ்தான் கேன்டர்பரி போன்ற பெயர்களின் கடைசியில் 'பரி' ஆகி உட்கார்ந்திருக்கிறது. வைக்கிங் படையெடுப்பைத் தாங்க ஆல்ஃபிரட்டும் அவன் மகனும் வெசெக்ஸ் முழுவதும் அரண் நகரங்களை வரிசையாக ஏற்படுத்தினார்கள். 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த 'பர்கல் ஹைடேஜ்' என்ற ஆவணம் அவற்றைக் காக்கும் கணக்கைச் சொல்கிறது. 'ஹைட்' என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நில அளவு. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள். பதினாறரை அடிச் சுவருக்கு நான்கு ஆள். வின்செஸ்டருக்கு ஒதுக்கியது 2,400 ஹைட். நீங்களே கணக்குப் போட்டால் 9,900 அடிச் சுவர் வரும். அங்கே இருந்த ரோமானியச் சுவரை அளந்து பார்த்தால் ஏறக்குறைய 9,950 அடி! ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்குப்பிள்ளைகளை மெச்சத்தான் வேண்டும். கற்சுவரை விட்டுப்போனவர்கள் ரோமானியர்கள் என்பதாலோ என்னவோ, சுவரைக் குறிக்கும் 'வெயால்' என்ற சொல்லும் லத்தீனிலிருந்து வாங்கிய கடன்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது, அந்தக் காலக் கவிஞர்கள் மனிதனையே அடைப்பாகப் பார்த்தது. உடலுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'பான்லோகா': பான் எலும்பு, லோகா பூட்டிய இடம். பேவுல்ஃப் காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனின் கை தோளோடு பிய்ந்து வரும்போது தெறித்து உடைவது இந்த எலும்புப் பூட்டுதான். உடலுக்கு அன்றாடம் புழங்கிய சொல்லான 'லீக்ஹாமா'வும் உடல் என்னும் போர்வை என்றே பொருள்படும். அதே 'ஹாமா' கருப்பைக்கும் வந்தது: 'சில்ட்ஹாமா', குழந்தையின் போர்வை.

மனம் இன்னும் உள்ளே இருக்கும் அறை. எக்ஸெட்டர் பேராலயத்தில் இன்றும் இருக்கும் 10-ம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில், தலைவனை இழந்து பனிக்கடலில் அலைபவனைப் பற்றிய கவிதை இருக்கிறது. துயரத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தின் பூட்டறையைக் கட்டி வைப்பதே உயர்ந்தவனுக்கு அழகு என்கிறான் அவன். மனத்தை அவன் 'ஹோர்ட்கோஃபா' என்கிறான், அதாவது புதையல் அறை. அந்தக் 'கோஃபா' இன்றைய ஆங்கிலத்தில் 'கோவ்' ஆகி, நிலம் வளைத்துக்கொண்ட சிறு விரிகுடாவைக் குறிக்கிறது. மோனைக்காகப் போட்ட சொற்கள் என்று இவற்றைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் மோனைக்குப் பொருந்தும் சொற்கள் எத்தனையோ இருக்க, திரும்பத் திரும்பப் பூட்டையும் அறையையும் அவர்கள் தேடிப் போனது சும்மா இல்லை என்றே நினைக்கிறேன்.

எல்லா அடைப்பும் கல்லாலும் கழியாலும் ஆனதல்ல. 'ஃபேத்ம்' என்றால் விரித்த இரு கைகள், அணைப்பு. தாய்மடிக்கும் அதே சொல், பேவுல்ஃபில் மண்டபத்தை விழுங்கக்கூடிய தீயின் அணைப்புக்கும் அதே சொல். பின்னாளில் விரித்த கைகளின் நீளம் ஆறடி என்று நிலைபெற்று, மாலுமிகளின் ஆழ அளவான 'ஃபேதம்' ஆயிற்று. ஆழம் கண்டதால் புரிந்துகொள்வதற்கும் அதுவே வினைச்சொல்.

இவை எல்லாவற்றையும் வளைத்த வேலி ஒன்று உண்டு. உலகத்தையே அவர்கள் 'மிட்டன்யார்ட்', நடு முற்றம் என்றார்கள். 'யார்ட்' என்றால் சுற்றி அடைத்த இடம். நார்வே, ஐஸ்லாந்துக் கதைகளில் வரும் மித்கார்டும் இதன் உடன்பிறப்புதான். இடைக்கால ஆங்கிலத்தில் இந்த 'யார்ட்' மெல்ல மறந்துபோய், நிலம், பூமி என்ற சொற்கள் அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த டோல்கீன் தன் கதைகளின் உலகத்துக்கு 'மிடில் எர்த்' என்று பெயர் வைத்தது, வேலி கழன்றுபோன இந்தப் பிந்தைய வடிவத்தை எடுத்துத்தான்.