தன்வளர்ச்சியில் கைசென்

கைசென் என்பது, ஒரு வேலை நடைபெறும் முறையைச் சிறு சிறு மாற்றங்களின் மூலம் இடைவிடாது மேம்படுத்தி வரும் ஜப்பானிய மேலாண்மைக் கோட்பாடு ஆகும். தொழிற்சாலைகளில் வளர்ந்த இக்கோட்பாடு பின்னர் படிப்பு, உடற்பயிற்சி, பழக்கவழக்கங்கள் முதலிய தனிமனிதத் துறைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அவ்வாறு பயன்படுத்துவோர் பலர் 'சிறு மாற்றம்' என்னும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அடிப்படையானவற்றை விட்டுவிடுகின்றனர்.

சொற்பொருளும் தோற்றமும்

'கை' என்பது மாற்றத்தையும் 'சென்' என்பது நன்மையையும் குறிக்கும். ஜப்பானியரின் அன்றாடப் பேச்சில் இது 'மேம்பாடு' என்னும் பொருள்தரும் சாதாரணச் சொல்லே. சென் பௌத்தத்தில் வரும் 'சென்' வேறு எழுத்தால் எழுதப்படும் வேறு சொல். இரண்டையும் இணைத்துக் கூறுவது பிழை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் ஆலை மேற்பார்வையாளர்களுக்காக உருவாக்கிய பயிற்சித் திட்டம், போருக்குப் பின் ஜப்பானிலும் அறிமுகமானது. 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கு தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். 1951இல் டொயோட்டா நிறுவனம் ஊழியர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. மசாக்கி இமாய் 1986இல் வெளியிட்ட நூலால் இச்சொல் உலகெங்கும் பரவியது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மாரர் 2004இல் தனிமனித வாழ்வுக்கென ஒரு நூல் எழுதினார். பெரிய மாற்றம் அச்சத்தைத் தூண்டுகிறது, மிகச் சிறிய மாற்றம் தூண்டுவதில்லை என்பது அவரது வாதம். உடற்பயிற்சிக்கு நேரமில்லாதவர் தொலைக்காட்சியின் முன் நாளுக்கு ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நடப்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

ஆலையில் நடைபெறும் முறை

ஆலையில் கைசென் மாற்றத்தில் தொடங்குவதில்லை. இப்போது வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று எழுதிவைப்பதில் தொடங்குகிறது. இவ்வாறு எழுதப்பட்ட முறை 'செந்தரம்' எனப்படும். செந்தரம் இல்லையெனில், செய்த மாற்றம் நன்மை தந்ததா இல்லையா என்று அறிய வழியில்லை. அடுத்து, 'ஏன்' என்ற கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. இதனை விளக்க டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ நின்றுபோன இயந்திரம் ஒன்றைக் காட்டுவார். உருகி எரிந்தது ஏன் என்று தொடங்கும் வினாக்கள், எண்ணெய் ஏற்றிக்கு வடிகட்டி பொருத்தப்படவில்லை என்பதில் முடியும். உருகியை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும். இங்கு கண்டறியப்படுவது முறையின் குறை. இயக்கியவர் மீது பழி சுமத்தப்படுவதில்லை.

படிப்பில் ஓர் எடுத்துக்காட்டு

நாள்தோறும் இரவு 8 மணிக்குக் கணக்குப் போட உட்காரும் மாணவர் ஒருவரைக் கொள்வோம். 'நான் சோம்பேறி' என்பது அவரது முடிவு. ஒரு வாரம் நேரத்தைக் குறித்துப் பார்க்கிறார். முதல் கணக்கைத் தொடங்கும்போது மணி 8.25 ஆகிவிடுகிறது. ஏன்? புத்தகத்தையும் நேற்று நிறுத்திய பக்கத்தையும் தேடுகிறார். ஏன்? முந்தைய இரவு தூக்கக் கலக்கத்தில் அப்படியே மூடிவிடுகிறார். எனவே மாற்றம் ஒன்றே ஒன்று: எழுந்திருக்கும் முன் மறுநாளுக்குரிய கணக்கின் எண்ணை ஏட்டில் எழுதி, ஏட்டை மேசைமேல் விரித்து வைப்பது. அடுத்த வாரமும் நேரத்தைக் குறிக்கிறார். பயன் தெரிந்தால் அதுவே புதிய செந்தரம். இல்லையெனில் பழைய முறைக்குத் திரும்பி வேறொன்றை முயல்கிறார். சோம்பேறித்தனம் என்று அவர் கருதியது பெரும்பாலும் தேடும் நேரமாகவே இருந்தது.

நாளுக்கு 1%

நாளுக்கு 1% முன்னேறினால் ஓராண்டில் ஏறத்தாழ 38 மடங்கு ஆகலாம் என்று கூறப்படுவதுண்டு. 1.01ஐ 365 முறை பெருக்கினால் 37.8 வருவது உண்மையே. ஆனால் நிமிடத்துக்கு 40 சொற்கள் தட்டச்சு செய்பவர் ஓராண்டில் 1,500 சொற்களை எட்டமாட்டார். திறன்கள் கூட்டு வட்டிபோல் வளர்வதில்லை. தொடக்கத்தில் விரைந்து உயர்ந்து பின்னர் மெதுவாகும். இக்கணக்கை நம்பியவர், வளர்ச்சி மெதுவாகும் இயல்பான கட்டத்தைத் தம் தோல்வி எனக் கருதி நிறுத்திவிடக்கூடும்.

எல்லைகள்

முடிவில்லாத மேம்பாடு ஓய்வையும் விழுங்கக்கூடும். 2002இல் டொயோட்டா ஆலை ஊழியர் ஒருவர் இறந்தார். அவரது இறப்பு மிகைப்பணியால் நேர்ந்தது என நகோயா மாவட்ட நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. வேலை நேரத்துக்குப் பின் அவர் ஈடுபட்டிருந்த தர வட்டம் போன்ற மேம்பாட்டுப் பணிகளையும் நீதிமன்றம் வேலையாகவே கணக்கில் கொண்டது. தனிமனிதரின் தன்வளர்ச்சிக்குத் தொழிற்சங்கமோ நீதிமன்றமோ இல்லை. எந்நேரத்தில் நிறுத்துவது என்பதையும் அவரே தம் செந்தரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது.