பயம் வந்தா கேட்கணும்: சுனாமியும் அணு உலையும்



சிம்மக்கல்லில் நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டம். கடன் விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டு இருந்தோம். அப்போது ஒரு அக்காவின் செல்போனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. "கடல் பொங்கப் போகுது, கூடங்குளம் உலை வெடிக்கப் போகுது" என்று யாரோ பேசியிருந்தார்கள். அந்த அக்கா மகளை ராதாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். முகம் வெளுத்து எழுந்துவிட்டார். மகளோடு பேசி, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அதற்குள் பின்வரிசையில் ஒரு பேச்சு கிளம்பியது. "அந்தப் பக்கத்து ஆளுக போராட்டம் பண்ணுனதாலதான் 2012-ல நாம இருட்டுல கெடந்தோம்." அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலுக்குப் பக்கத்துல பிள்ளைய வச்சிருந்தா தெரியும் தாயி" என்றார்.

கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

உலையை நிறுத்தினால் போதாதா?

அணு உலையும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுற்றித்தான் மின்சாரம் எடுக்கிறது. நிலக்கரிக்குப் பதில் அங்கே யுரேனியம். வித்தியாசம் ஒன்று உண்டு. நம் அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் கங்கு கொஞ்ச நேரத்தில் அவிந்துவிடும். யுரேனிய எரிபொருளோ, உலையை நிறுத்திய பிறகும் தானாகவே சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆகக் குறையும், ஆனால் உடனே நிற்காது. அதனால் நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்ப் வேண்டும், பம்ப்புக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் வேண்டும். அதுவும் நின்றால்தான் ஆபத்து.

கல்பாக்கத்தில் நடந்தது, ஜப்பானில் நடந்தது

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அன்று கல்பாக்கத்தில் 2-வது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் பம்ப் அறைக்குள் புகுந்ததும் பணியாளர்கள் உலையை நிறுத்தினார்கள். குளிர்விப்பது தடைபடவில்லை, உலைக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அணுமின் ஊழியர் குடியிருப்பில் 30 பேருக்கு மேல் அலையில் போய்விட்டார்கள். உலையைக் காக்க ஏற்பாடு இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு அலை வருகிறது என்று சொல்ல அன்று யாரும் இல்லை. அதன் பிறகுதான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல் தொடங்கப்பட்டது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரிய பூகம்பம் வந்தது. ஃபுகுஷிமா உலைகள் தாமாகவே நின்றன. வெளியில் இருந்து வரும் கரண்ட் போனது, ஜெனரேட்டர்கள் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 14 மீட்டர் அலை வந்து ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் 3 உலைகளில் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போனார்கள். இடம் மாறிய அலைச்சலிலும் மனவேதனையிலும் ஃபுகுஷிமா மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், நோயாளிகள்.

அவ்வளவு பெரிய அலை வரலாம் என்று அந்த நிறுவனமே 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது. நடவடிக்கை எடுக்கவில்லை. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதர்களால் வந்த விபத்து என்று 2012-இல் சொன்னது. கணக்கில் குறை தெரிந்தும் "அடுத்த தணிக்கையில பாத்துக்கலாம்" என்று விட்டால் குழு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

இடிந்தகரைப் பெண்கள் ஏன் பயந்தார்கள்?

ஃபுகுஷிமாவில் நடந்ததை டி.வி.யில் உலகமே பார்த்தது. ஜெர்மனி தன் அணு உலைகளை மூடுவதாக முடிவெடுத்து, 2023-இல் கடைசி உலைகளையும் நிறுத்தியது. இங்கே அதே 2011 ஜூலையில் கூடங்குளம் 1-வது உலையில் சோதனை ஓட்டம் தொடங்கியது. நீராவி வெளியேறும் பெருஞ்சத்தம் பக்கத்து ஊர்களுக்குக் கேட்டது. அங்கே சுனாமி காலனியில் குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு. பயம் வராமல் எப்படி இருக்கும்?

2011 செப்டம்பரில் இடிந்தகரை மாதா கோயில் முன்னால் உண்ணாவிரதம் தொடங்கியது. பெண்கள் பந்தலிலேயே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டு போராடினார்கள். வேலைகளை நிறுத்தி வைக்கும்படி அந்த மாதமே மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. நிபுணர் குழுக்கள் வந்தன. அப்துல் கலாம் நேரில் பார்த்துவிட்டு, உலை பாதுகாப்பானது என்றார். உலைக்கு 4 டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு, அலை எட்டாத உயரத்தில் இருக்கின்றன, கரண்டே இல்லாவிட்டாலும் காற்றால் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு என்றெல்லாம் விளக்கினார்கள். 2012 மார்ச்சில் மாநில அரசு அனுமதி கொடுத்தது.

2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம் என்றது. கூடவே 15 உத்தரவுகளும் போட்டது. பாதுகாப்பு, அவசரகாலப் பயிற்சி, வழக்குகளைத் திரும்பப் பெறுவது எல்லாம் அதில் உண்டு. பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகும் எழுந்துகொண்டேதான் இருந்தது.

விளக்கம் நல்லதாகவே இருக்கட்டும். பந்தல் போட்ட பிறகுதான் அதைச் சொல்ல வந்தார்கள். "கணக்கு சரியா இருக்கு, பயப்படாதீங்க" என்று ஊக்குநர் சொன்னால் நாம் விடுவோமா? நோட்டைக் காட்டு என்று கேட்போம். அந்தப் பெண்கள் கேட்டதும் அதைத்தான்.

நம் மின்வெட்டுக்கு அவர்கள்தான் காரணமா?

2012-இல் மதுரையில் பல நாள் 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. மாவு மில்லும் தையல் மிஷினும் நின்று, தவணை கட்ட முடியாமல் தவித்தோம். அந்தக் கஷ்டம் நிஜம். ஆனால் அப்போது தமிழ்நாட்டுக்குப் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். கூடங்குளத்தின் 2 உலைகளும் முழுசாக ஓடியிருந்தாலும் நமக்கு ஒதுக்கிய பங்கு 925 மெகாவாட்தான். மீதியை யார் தலையில் போடுவது? அந்தப் பெண்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. கரண்ட் கேட்ட நம்மையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. செல்போனில் வரும் குரல் பதிவை நம்பி ஓட வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கூப்பிட்டுக் கேளுங்கள்.

2. கடலோரத்தில் இருக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, யாரும் சொல்லக் காத்திராமல் உடனே மேட்டுக்குப் போகணும்.

3. அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் சொந்தபந்தம் இருந்தால், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது, எந்த வழியில் போவது என்று ஊராட்சியில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வயதானவர்களை யார் அழைத்துப் போவது என்றும் கேட்கணும்.

4. கதிர்வீச்சு எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குள் போய் கதவு ஜன்னலைச் சாத்தணும். தண்ணீர், சாப்பாட்டை மூடி வைக்கணும். அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்னால் மட்டும் போடணும். வெளியேறச் சொல்லும்போது வெளியேறணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசியுங்கள். உங்கள் ஊரில் தீ, வெள்ளம், புயல் வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அன்று கோபித்துக்கொண்ட இரண்டு அக்காக்களும் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். 1077 என்ற எண்ணை முதலில் எழுதிக்கொண்டது, இருட்டில் கிடந்ததாகச் சொன்னவர்தான்.