கண் அட்டையும் 6 மீட்டரும்
கண் முகாம்களில் தொங்கும் எழுத்து அட்டையை 1862-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்நெல்லன் வகுத்தளித்தார். 6/60 என்று குறித்தால், நல்ல கண்ணுடையார் 60 மீட்டரிலிருந்தே காணும் பெரிய எழுத்தை அவர் 6 மீட்டரில்தான் காண்கிறார் என்பது பொருள். ஆகவே தூரமே இச்சோதனைக்கு உயிர். 6 மீட்டருக்கென அச்சிட்ட அட்டையை 3 மீட்டரில் வைத்தால் எழுத்து இருமடங்கு பெரிதாய்த் தோன்றும், கண்புரை தொடங்கியவரும் தேறிவிடக்கூடும், சிகிச்சையோ தள்ளிப்போகும். முகாமுக்கு இடமளிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் 6 மீட்டரை, அதாவது ஏறத்தாழ 20 அடியை, நாடாவால் அளந்து கோடிட்டு வைத்தல் வேண்டும்.

எழுத்தறியாதோர் கூச்சத்தால் ஒதுங்கி நிற்பதை நாம் காண்கிறோம். அவர்களுக்கென, 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து நாற்றிசையும் திரும்பியுள்ள அட்டை உண்டு. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, அதன் மூன்று கால்கள் நீண்டிருக்கும் பக்கத்தைக் கையால் காட்டினாற் போதும்.