மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வலுவாகவே இருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.

பார்வையற்ற ஒருவர் நீதிபதி ஆகலாமா? ஆறே ஆண்டு இடைவெளியில் இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் பதில் 2019 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. உரிமையியல் நீதிபதி பணிக்கான மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில், பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று இங்கே ஒரு வரம்பு இருந்தது. 70 சதவீதக் குறைபாடு உள்ள வழக்கறிஞர் சுரேந்திர மோகன் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். நீதிபதியின் வேலைக்குப் பார்வையும் செவியும் பேச்சும் ஓரளவுக்காவது வேண்டும், ஆகவே அரசு வைத்த வரம்பு சரிதான் என்று சொல்லி, அவருடைய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது பதில் 2025 மார்ச் 3 அன்று வந்தது. பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணியின் பக்கமே வரவிடாமல் தடுத்த மத்தியப் பிரதேச விதியை, நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு செல்லாது என்று அறிவித்தது. இந்த வழக்கைத் தொடங்கிவைத்தது பெரிய அமைப்பு எதுவும் இல்லை. நீதிபதி தேர்வுக்குத் தயாரான பார்வையற்ற பிள்ளையின் தாய் ஒருவர் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது.

இந்த ஆறு ஆண்டுகளில் நீதிபதியின் வேலை மாறிவிடவில்லை. பார்வையற்றவரால் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதும் புதிதாகத் தெரியவந்த செய்தி இல்லை. குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த சாக் யாகூப், தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்தவர். இங்கே மாறியது நீதிமன்றம் கேட்ட கேள்வி. ‘இவரால் முடியுமா?’ என்று கேட்ட இடத்தில், ‘இவர் இந்த வேலையைச் செய்ய நாம் என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட்டம் தேவைப்பட்டது.

‘முடிந்தால் செய்யலாம்’

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் முழுமையான சட்டம் 1995 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது தானாக வந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி டெல்லியில் மாற்றுத்திறனாளிகளைத் திரட்டிய ஜாவேத் அபிதி போன்றவர்கள், அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரின்போது நாடாளுமன்றத்தை நோக்கித் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே மசோதா அசைந்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பார்த்தது. சாய்தளம் அமைப்பது, பேருந்தில் ஏற வழி செய்வது போன்ற கடமைகளைச் சொன்ன பிரிவுகளில் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற ஒரு தொடரும் சேர்ந்திருந்தது. எந்த அலுவலகம்தான் தன்னிடம் பணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும்? கடமை என்று எழுதியதை அதிகாரிகள் ‘முடிந்தால் செய்யலாம்’ என்று படித்தார்கள்.

2006-ல் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007 அக்டோபரில் இந்தியா அதை உறுதிசெய்தது. உள்நாட்டுச் சட்டத்தை அதற்கேற்ப மாற்ற மேலும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் இன்று நம் கையில் இருப்பது.

இந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சால் வந்த பாதிப்பு எல்லாம் இதில் அடங்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று இது உறுதி தருகிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால், அவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அவரால் செய்யக்கூடிய வேறு பணியை அதே சம்பளத்தில் தர வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம். அன்று கணக்கெடுத்தது எட்டு வகைகளை மட்டுமே. 21 வகைகளையும் சேர்த்தால் இந்தச் சட்டத்துக்கு உரியவர்கள் அதைவிட அதிகமாகவே இருப்பார்கள்.

எழுத ஒரு துணை

சட்டத்தின் உயிர்நாடி 2021 பிப்ரவரியில் வந்த ஒரு தீர்ப்பில் தெளிவாகத் தெரிந்தது. மருத்துவப் பட்டதாரியான விகாஸ் குமாருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உண்டு. குடிமைப் பணித் தேர்வில், தான் சொல்வதை எழுத ஓர் உதவியாளர் வேண்டும் என்று கேட்டார். உங்கள் குறைபாடு 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது.

நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அந்த மறுப்பை ஏற்கவில்லை. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கான அளவுகோல். ஒருவர் மற்றவர்களோடு சமமாக நிற்பதற்குத் தேவையான, நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாகாத ஏற்பாட்டைச் செய்து தரும் கடமைக்கு அந்த அளவுகோலைப் போட முடியாது என்றது நீதிமன்றம். சுரேந்திர மோகன் வழக்கில் சொன்ன கருத்து பழைய 1995 சட்டத்தின் கீழ் சொன்னது, 2016 சட்டம் வந்தபின் அது பொருந்தாது என்பதும் இதே தீர்ப்பில் இருக்கிறது. 2025 தீர்ப்புக்கு வழி இங்கேதான் திறந்தது.

இதன் பொருளை ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒவ்வொரு மேலாளரும் புரிந்துகொள்ள வேண்டும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், தேர்வில் கூடுதல் நேரம், தரைத்தளத்தில் வகுப்பறை, சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியவற்றைத் தர மறுப்பதைச் சட்டம் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. மனமிரங்கித் தரும் உதவியாக இவற்றைப் பார்ப்பவர், சட்டத்தை மீறும் விளிம்பில் நிற்கிறார்.

படியேறாத சட்டம்

உரிமை கையில் இருந்தாலும் அலுவலகத்துக்குள் நுழைய முடியாவிட்டால் என்ன பயன்? பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரத்தூரி, பொது இடங்களை அனைவரும் பயன்படுத்தும்படி அமைக்கக் கோரி 2005-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவுகள் தந்தது. அவை முழுமையாக நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 8-ல் அதே வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்லியிருக்க, அதன் கீழ் அரசு வகுத்த 15-வது விதி அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக மாற்றிவிட்டது என்று நீதிபதிகள் கண்டார்கள். அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்து, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னார்கள். 1995-ல் இருந்த ‘முடிந்தால் செய்யலாம்’ வேறு உருவத்தில் திரும்ப வந்திருந்தது என்பதே இதன் பொருள்.

சென்னையில் இதே கதை பேருந்துகளைச் சுற்றி நடந்தது. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர். அந்த வேறுபாடுதான் ஒருவர் தானே வேலைக்குப் போவதையும், ஆட்டோவுக்குக் காசில்லாமல் வீட்டிலேயே இருப்பதையும் தீர்மானிக்கிறது. வைஷ்ணவி ஜெயக்குமார் உள்ளிட்ட உரிமை ஆர்வலர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் வாதாடிய பிறகு, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் நகரில் ஓடத் தொடங்கின. இன்று அவற்றில் முதியவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தையைத் தூக்கி வருபவர்களும் சிரமமின்றி ஏறுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் போட்ட வழக்கின் பலன் ஊருக்கே கிடைத்திருக்கிறது.

படிக்கட்டு இப்போது கைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு தொடங்கும்போது கண் சிமிட்டிக் காட்டச் சொல்கிறது செயலி. அமில வீச்சில் கண்ணிமைகளை இழந்தவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடு வந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, இணையச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தசைச்சிதைவு உள்ள தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் சிறையில் பட்ட துன்பத்தை எடுத்துச் சொன்ன வழக்கில், 2025 ஜூலையில் நம் மாநிலச் சிறைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக மாற்றும்படியும் அது உத்தரவிட்டது.

உங்கள் ஊரில் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன வழக்குகள் பலவற்றிலும் எழுத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு விதி, ஒரு நிராகரிப்பு, ஒரு கடிதம். நம் ஊரில் நடக்கும் மறுப்புகளோ வாய்மொழியாகவே முடிந்துவிடுகின்றன. “எங்க பள்ளிக்கூடத்துல இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சேர்க்க வசதி இல்லைங்க, வேற இடம் பாருங்க” என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேட்டவர் மனம் நொந்து திரும்புவார். பதிவேட்டில் எதுவும் இருக்காது. ஆகவே முதல் வேலை, கோரிக்கையை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பது.

அடுத்த வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. வேலை தொடர்பான பாகுபாட்டை விசாரிக்க ஒவ்வோர் அரசு அலுவலகமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அவருடைய நடவடிக்கை போதவில்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

எந்த உரிமை பறிபோனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மனு எழுத முடியாதவர்களுக்காக

எல்லோராலும் மனு எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்து வைத்திருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் சங்கிலியில் கிடந்தது அந்த வழியாகப் போன பலருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தலையிட்டது அந்தத் தீக்குப் பிறகுதான். மனநலப் பாதிப்பு உள்ளவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார் என்று தெரிந்தால், உறவினர் மட்டுமின்றி யார் வேண்டுமானாலும் நிர்வாகத்துறை நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது 2016 சட்டத்தின் 7-வது பிரிவு. பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியரும் ஆஷா பணியாளரும் இந்தச் சட்டத்தின் பங்காளிகள்.

அரசு செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பல மாநிலங்களில் ஆணையர் பதவியை நிரப்புவதற்கே உச்ச நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. பரிந்துரைகளைக் கிடப்பில் போடும் அதிகாரியிடமிருந்து அபராதம் வசூலிக்க வேண்டும். சாய்தளமும் கழிப்பறையும் இல்லாத புதிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது என்று சட்டம் சொல்வதை உள்ளாட்சிகள் மதிக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு நம் மாநிலத்தில் உருவாகியிருக்கிறது. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. ஆயிரக்கணக்கானோருக்கு இதனால் இடம் கிடைக்கும். அப்படி உள்ளே போகும் ஒவ்வொருவரும் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்: எங்கள் ஊராட்சியில் மாற்றுத்திறனாளி தரும் எந்தக் கோரிக்கைக்கும் இனி எழுத்தில்தான் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் காரணம் இல்லையென்றால் கேள்வி கேட்க ஊராட்சி உறுப்பினரே இருப்பார். அதற்கு மேல் ஆணையர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது, இத்தனை தீர்ப்புகளும் இருக்கின்றன.