பூம்பாறையில் பார்க்க வேண்டியதும்... கொண்டுவரக் கூடாததும்!

‘கொடைக்கானல் மலைப்பூண்டை விதைக்கு வாங்கி வந்து மதுரைப் பக்கம் நடலாமா?’ 2024-ம் வருடத் தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியதில் இருந்து வேளாண்மை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இந்தக் கேள்வியோடு மலை ஏறிப் போய் வந்தார்கள், சோழவந்தான் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கணவன், மனைவி.

அவர்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கரில் நெல், அரை ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால். வாடல் நோய் விழுந்து கொடிக்கால் அழிந்துவிட, அந்த அரை ஏக்கர் ஒரு வருடமாகச் சும்மா கிடந்தது. அதில் பூண்டு போட்டால் கடனைக் கட்டிவிடலாம் என்பது கணவரின் கணக்கு. ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் விதைப்பூண்டு தேவைப்படும். அரை ஏக்கருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் பெரிய தொகை. அதற்காக மனைவியின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிருந்தது. அந்தப் பணத்தை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். “எனக்கு மலை பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க. அதுக்காகத்தான் கூட வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா பஸ் ஏறினார்.

ஆவணி மாதக் கடைசி. ஆரப்பாளையத்தில் இருந்து வரும் கொடைக்கானல் பஸ்ஸை வாடிப்பட்டியில் பிடித்தார்கள். 2024 மே மாதத்தில் இருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வாகனங்களில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை. சிறு தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், வீட்டில் இருந்தே எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் எடுத்துப் போவது நல்லது.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவுக்கும் பயிர் மாறும். அடிவாரத்தில் மாவும் புளியும். கொஞ்சம் மேலே போனால் மர நிழலில் காபி, மரத்தில் ஏறிய மிளகு, மலை வாழை, வெண்ணெய்ப்பழம். அதற்கும் மேலே பேரிக்காயும் பிளம்ஸும். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்த விவசாயிக்கு இது மூன்று மணி நேரப் பாடம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறைகிறது. சோழவந்தானுக்கும் பூம்பாறைக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு 10 டிகிரி குறையும். இந்த 10 டிகிரியில்தான் அவர்களின் கேள்விக்குப் பதில் இருந்தது.

டம்டம் பாறைக்கு அருகில் எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்பதும் அதுதான். உயரம் சுமார் 297 மீட்டர். அது மஞ்சளாற்றுத் தண்ணீர். கீழே மஞ்சளாறு அணையில் தங்கி, பிறகு வைகையில் கலக்கிறது. “நம்ம ஆத்துக்கு இங்கேருந்துதான் தண்ணி வருதா?” என்று அந்த அம்மா கேட்டதற்கு, கணவருக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பழனி மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை வைகைக்கும், வடக்குச் சரிவில் பெய்வது அமராவதிக்கும் போகிறது. மலையில் மண் கரைந்தால் அது வந்து படிவது நம் அணைகளில்தான்.

கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1845-ல் அங்கே முதலில் வீடு கட்டியவர்கள், மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்துதான் மேலே போனார்கள். 1863-ல் ஏரியை அமைத்தவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச். ஏரியில் படகு விடுவதோடு பெரும்பாலானவர்களின் பயணம் முடிந்துவிடுகிறது. விவசாயிகள் பார்க்க வேண்டிய ஊர், அங்கிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் போல உள்ளே இருக்கிறது.

தட்டுத் தட்டாக ஒரு ஊர்

பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர். நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். கோயிலைச் சுற்றி நெருக்கமாக வீடுகள். வீடுகளைச் சுற்றி, மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு போல வெட்டிய நிலங்கள். ஒரு தட்டு ஐந்து சென்ட் இருக்கும், அடுத்தது இரண்டு சென்ட்கூட இருக்காது. சில இடங்களில் கல் அடுக்கிய கரை, பல இடங்களில் வெறும் மண் கரை. டிராக்டர் இறங்க வழியில்லை. மண்வெட்டியும் தலைச்சுமையும்தான்.

இதே மாதிரி ஊர்கள் உலகின் இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், பெரு நாட்டின் குஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் பீசாக் என்று ஒரு சிற்றூர். அங்கே இன்கா மக்கள் பல நூறு வருடங்களுக்கு முன்பு கட்டிய தட்டுகள் இன்றும் நிற்கின்றன. அடியில் பெரிய கல், அதற்கு மேல் சரளை, பிறகு மணல், மேலே நல்ல மண் என்று அடுக்கி, தேங்கும் நீர் கல்சுவரைத் தள்ளாமல் வடிந்து போகும்படி செய்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் கரை உடைந்து தவிக்கும் நம் மலை விவசாயிகளுக்கு இந்த வடிகால் முறை உதவும். நாம் பொடிமாஸ் செய்யும் உருளைக்கிழங்கு பிறந்ததும் அந்த ஆண்டிஸ் மலையில்தான். ஒரே குடும்பம் வெவ்வேறு உயரங்களில் நிலம் வைத்துக்கொண்டு, உயரத்துக்கு ஏற்ற ரகத்தைப் போடுவது அங்கே வழக்கம். பீசாக்கைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களைக் காத்து வருகிறார்கள். கொடைக்கானல் கடைகளில் சிவப்பாக முட்டை வடிவத்தில் விற்கும் மரத்தக்காளியும் அந்த மலைச் சரக்குதான்.

“உங்க ஊர் வெயிலுக்குத் தாளுதான் வரும்”

வத்தலக்குண்டில் பழக்கமான ஒரு வியாபாரி சொல்லி அனுப்பிய வீட்டுக்கு இருவரும் போனபோது, அறுவடை நடந்துகொண்டிருந்தது. பூண்டைத் தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, நிழலில் காயப்போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் விறகு அடுப்புக்கு மேலே, கூரைக் கம்புகளில் போன பருவத்துப் பூண்டு புகையேறித் தொங்கியது. புகை காட்டி வைத்தால் ஒரு வருடம் வரைகூடக் கெடாமல் இருக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டு அம்மாவிடம், “விதைக்கு நூறு கிலோ வேணும்மா” என்று கேட்டார் கணவர்.

“எங்க தம்பி நடப்போறீங்க?”

“சோழவந்தான்லதான்.”

“அங்கயா! உங்க ஊர் வெயிலுக்குத் தாளுதான் தம்பி வரும். பூண்டு வராது. இங்கயே வெயில் கூடுன வருசம் காய் சிறுத்துப் போகுது.”

வியாபாரம் வேண்டாம் என்று ஒருவர் சொல்வது அபூர்வம். கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. “ராஜஸ்தான், மத்தியப்பிரதேசத்துல சமவெளியிலதானே விளையுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், அங்கே பூண்டு குளிர்காலப் பயிர். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும். பூண்டுப் பல்லோ, இளம் பயிரோ கொஞ்ச காலம் குளிரில் இருந்தால்தான் அடியில் பல் பிரிந்து காயாகத் திரளும். மதுரையில் தை மாத இரவுகூட அவ்வளவு குளிர்வதில்லை. பச்சைப் பசேல் என்று தாள் மட்டும் வளரும். பிடுங்கிப் பார்த்தால், பல் பிரியாத ஒற்றைக் கிழங்கு வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் பூண்டுக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகள்தான் பரிந்துரைக்கப்படுகின்றன.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் காரணத்தை ஒட்டித்தான். அந்தக் காரமும் மணமும் அந்த மண், அந்தக் குளிர், அந்தப் புகை எல்லாம் சேர்ந்து வருவது. விதையை மட்டும் கீழே இறக்கினால் கூடவே வராது. சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பூம்பாறையில் கொடிக்கால் போட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கணவர் கையில் இருந்த மஞ்சள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விதைப் பேச்சு எழவில்லை.

காலில் ஒட்டி வரும் எதிரி

பூண்டு எடுத்த தட்டுக்குப் பக்கத்தில் காரட், அதற்கு மேலே பட்டாணி, ஓரத்தில் உருளைக்கிழங்கு என்று இருந்தது. “வருசம் தவறாம ஒரே தட்டுல கிழங்கு போட்டா செடி கூம்பிப் போகும் தாயி. அதான் மாத்தி மாத்திப் போடுறோம்” என்றார் வீட்டுக்கார அம்மா.

செடி கூம்பிப் போவதற்கு முக்கியக் காரணம் முட்டைக்கூட்டு நூற்புழு. இதுவும் உருளைக்கிழங்கோடு ஆண்டிஸ் மலையில் தோன்றியதுதான். கிழங்கு உலகம் சுற்றியபோது மண்ணில் ஒட்டிக்கொண்டு இதுவும் சுற்றியது. இந்தியாவில் 1961-ல் நீலகிரியில் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பிறகு கொடைக்கானல் மலையிலும் தெரியவந்தது. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு, கேழ்வரகைவிடச் சிறிய தங்கநிற உருண்டையாகப் பருக்கும். செத்த பிறகு அந்தத் தோலே கெட்டியான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும். சாப்பிடச் செடி இல்லாமலே மண்ணில் 20 வருடம்வரை கிடக்கும். இதனால்தான் தமிழ்நாட்டு மலைகளின் விதைக்கிழங்கை வெளிமாநிலங்களுக்கு அனுப்ப 1971-ல் தடை வந்தது. 2018-ல் இமாச்சலப்பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகாண்ட் மாநில விதைக்கிழங்குக்கும் அதே நிலை ஏற்பட்டது. விதைக்கிழங்கை நம்பியிருந்த விவசாயிகளுக்கு எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்!

இந்தப் புழுவுக்கு உருளைக்கிழங்கு, தக்காளி, கத்திரிக் குடும்பம் மட்டும்தான் உணவு. பூண்டு, காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி போட்டால் பட்டினி கிடந்து வருடத்துக்கு வருடம் குறையும். படிப்பில்லாத அந்த அம்மாவின் மாற்றுப்பயிர் முறை, பரிந்துரைக்கப்படும் முறையேதான். எதிர்ப்புத் திறன் உள்ள குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா ரகங்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சமவெளி வெப்பத்தில் இந்த நூற்புழு பெருகுவது சிரமம். அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. மலைக் கிழங்கிலும் மண்ணிலும் வரக்கூடிய வேர்முடிச்சு நூற்புழுவும் பாக்டீரியா வாடல் நோயும் நம் வெயிலில் நன்றாகவே பெருகும். தக்காளி, கத்திரி, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். மலைக் கிழங்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று விதைக்கு எடுத்துவருவது, பூச்செடியை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவருவது இரண்டுமே கூடாது. போட்டோ எடுப்பதற்காகத் தட்டுகளுக்குள் இறங்குகிறவர்களால் பூம்பாறைக்காரர்களுக்கு இரண்டு நஷ்டம். மண் கரை சரியும். ஒரு தட்டின் மண் செருப்பில் ஒட்டி அடுத்த தட்டுக்குப் போகும். காட்டுமாடும் பன்றியும் செய்கிற சேதமே அவர்களுக்குப் போதும். வரப்பு வழியாக நடந்து, கிளம்பும்போது செருப்பைக் கழுவிவிட்டு பஸ் ஏறினால் அதுவே பெரிய உதவி.

விதைக்குத்தான் வாங்கக் கூடாதே தவிர, சமையலுக்குத் தாராளமாக வாங்கலாம். கொடைக்கானல் கடைவீதியில் மலைப்பூண்டு என்று விற்பதெல்லாம் மலைப்பூண்டு இல்லை. விவசாயி வீட்டிலேயோ, வடுகபட்டி சந்தையில் தெரிந்தவர் மூலமாகவோ வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை. புகையேறிய பூண்டின் மேல்தோல் மங்கலாக இருக்கும். பார்க்க அழுக்காகத் தெரிந்தாலும் அதுதான் நல்ல சரக்கு.

அந்த அரை ஏக்கருக்கு என்ன வழி? கொடிக்கால் போட்டிருந்த நிலத்தில் பாத்தியும் வடிகாலும் ஏற்கெனவே இருக்கின்றன. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சின்ன வெங்காயம் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம், விதை வெங்காயம் இல்லாமல் விதையில் இருந்தே நாற்று விட்டு நடக்கூடியது. எக்டருக்கு 2.5 கிலோ விதை போதும். அரை ஏக்கருக்கு அரை கிலோதான் ஆகும். விதைப்பூண்டுக்குப் போட நினைத்த பணத்தில் சிறு பங்குகூட இல்லை. வெங்காயத்துக்கும் விலை ஏறும், இறங்கும். ஆனால், விளையாமல் போகாது. நடும் முன்பு மண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

இருவரும் இரண்டு கிலோ பூண்டு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அடுத்த திங்கட்கிழமையே சங்கிலி வீட்டுக்குத் திரும்பிவிட்டது, வட்டி ஒரு வாரத்துக்கு. பூண்டை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் குழப்பம் வந்தது. வீட்டில் கேஸ் அடுப்பு. “புகைக்கு எங்கேங்க போறது?” என்று யோசித்த அந்த அம்மா, கடைசியில் மாட்டுத் தொழுவத்தில் கட்டித் தொங்கவிட்டார். அங்கே கொசுவுக்காகத் தினமும் சாயங்காலம் மூட்டம் போடுகிறார்கள்.