பத்து மீட்டர், எழுபத்தைந்து நிமிடம்
பிஸ்டல் சுடுதலில் முதல் பெரிய போட்டிக்குப் போகிறவர் கைக்குப் பயிற்சி தருகிறார். கடைசியில் காலை வாருவது பெரும்பாலும் கை அல்ல.

சூரியநெல்லியில் இரவில் வெடிச்சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். லயத்துப் பக்கம் யானை வந்துவிட்டது, பட்டாசு போட்டு விரட்டுகிறார்கள் என்று அர்த்தம். துப்பாக்கி என்றால் இங்கே நினைவுக்கு வருவது வனத்துறையின் மயக்க ஊசித் துப்பாக்கிதான். ரேஷன் அரிசிக்காகக் கடைகளை உடைத்துப் பெயர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் அப்படித்தான் சுட்டு, லாரியில் ஏற்றிப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

துப்பாக்கியைக் கையில் எடுத்து ஒரு பெண் பேர் வாங்கிய கதையும் இதே கேரளத்தில்தான் நடந்தது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் ஒரு சுடுதளம் கட்டினார்கள். 2017 டிசம்பரில் தேசிய துப்பாக்கி சுடும் போட்டி கேரளத்துக்கு வந்தது. அதில் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்திலிருந்து வந்த 15 வயது மனு பாக்கர், மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் 242.3 புள்ளிகள் எடுத்தார். தோற்றவர் ஹீனா சித்து. உலகத் தரவரிசையில் முதலிடம் பார்த்தவர். அவருடைய 240.8 என்ற சாதனையும் அன்றே போனது. மனு துப்பாக்கியைத் தொட்டு இரண்டு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அதற்கு முன் குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங், மணிப்பூரின் தாங்-டா என்று பலதையும் பார்த்தவர். அந்தப் போட்டியில் ஒன்பது தங்கம்.

இரண்டு வருடத்தில் இது எப்படி முடியும்? விளையாட்டின் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். இலக்கு பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி. துப்பாக்கியை ஒரே கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. டிரிகரை இழுக்க குறைந்தது 500 கிராம் விசை வேண்டும். துப்பாக்கியின் முன் முனையில் இருக்கும் குறித் துண்டு, பின்னால் இருக்கும் பிளவின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், இலக்கில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் தள்ளி விழும். பத்து ஏழாகிவிடும்.

ஆகவே பயிற்சியில் பெரும்பகுதி சுடுவதே இல்லை. 'டிரை ஃபயரிங்' என்பார்கள்: பெல்லட் போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, டிரிகரை மட்டும் இழுப்பது. குறித் துண்டு அசைகிறதா என்று பார்ப்பது ஒன்றே வேலை. பார்வை இலக்கின் மீது அல்ல, அந்தத் துண்டின் மீதே நிற்க வேண்டும். இலக்கு மங்கலாகத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதே இல்லை. எதைச் சுடுகிறோமோ அதைப் பார்க்காமல் சுடு என்றால் யார்தான் நம்புவார்கள்? இன்னொரு பாடம், துப்பாக்கியை இறக்குவது. எட்டு, பத்து வினாடிக்குள் தோட்டா போகவில்லை என்றால் கையைத் தாழ்த்தி மூச்சு வாங்கி மறுபடி தொடங்க வேண்டும். வீட்டில் இது சுலபம். பக்கத்துத் தடங்களில் எல்லோரும் சுட்டுக்கொண்டிருக்கும்போது சுலபமல்ல.

பெரிய போட்டியில் முதலில் வருவது உபகரணச் சோதனை. துப்பாக்கியை ஒரு பெட்டிக்குள் வைத்து அளவு பார்ப்பார்கள், டிரிகரில் எடைக்கல் தொங்கவிடுவார்கள். கணுக்கால் எலும்பை மூடும் ஷூ கூடாது. சுடும் கையில் வாட்ச், வளையல் கூடாது. இதையெல்லாம் அன்று காலையில் தெரிந்துகொள்கிறவர் சுடும் முன்பே பாதி தோற்றவர். அடுத்து தயாராகவும் ஒத்திகைக் குண்டுகளுக்குமாக 15 நிமிடம். பிறகு 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். ஒரு குண்டுக்கு 75 வினாடி, தாராளம் என்றே தோன்றும்.

தாராளம் இல்லை என்று மனுவுக்கே தெரியவந்தது 2021 ஜூலை 25 அன்று, டோக்கியோவில். முதல் ஒலிம்பிக், 19 வயது. தகுதிச் சுற்றில் 16 குண்டுகள் போன பிறகு துப்பாக்கி பழுதாகி நின்றுவிட்டது. சரிசெய்து கொண்டுவந்தபோது 44 குண்டு பாக்கி, நேரமோ சுமார் 38 நிமிடம். ஒரு குண்டுக்கு ஐம்பது சொச்சம் வினாடி. இழந்த நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. கடைசியில் 575 புள்ளிகள், 12-ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குள் எட்டாவதாக நுழைந்தவர் எடுத்தது 577. இரண்டே புள்ளி. பழுதான துப்பாக்கியோடு அவர் சுட்டதைத் தோல்வி என்று எழுதியவர்கள், அந்த 44 குண்டுகளை ஒரு தரம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

போட்டிக்கு முந்தைய மாதங்களில் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவோடு பிணக்கும் இருந்தது. 2023-இல் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பந்தயத்தில் 580 எடுத்துத் தகுதி பெற்று, இறுதிச் சுற்றில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம்.

சூரியநெல்லியில் எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? வழி உண்டு, மலிவான வழி அல்ல. மாவட்டம், மாநிலம் என்று ஏறி, மவ்லங்கர் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்தால் தேசியப் போட்டிக்குள் நுழையலாம். முதல் மக்களவைத் தலைவரான அந்த மவ்லங்கர்தான் 1951-இல் தேசிய ரைபிள் சங்கம் உருவானபோது அதன் பின்னால் நின்றவர். மனுவின் தந்தை கப்பல் பொறியாளர். மகளுக்கு முதல் துப்பாக்கி வாங்க ஒன்றரை லட்ச ரூபாய் போட்டார். தோட்டக் கூலியில் பாதியை மாதாமாதம் மிச்சம் பிடித்தாலும் அந்தத் தொகை சேர நீண்ட காலம் பிடிக்கும். பெல்லட், பயணம், தங்குமிடம் தனிச் செலவு.

இடுக்கி மாவட்டத்தின் சுடுதளம் தொடுபுழா அருகே முட்டத்தில் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து மலையிறங்கிப் போய்த் திரும்பினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சங்கத்தின் துப்பாக்கி கடனாகக் கிடைத்தாலும் மற்ற ஆறு நாளும் வீட்டுச் சுவர்தான். டிரை ஃபயரிங்குக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நீட்டிய கையில் ஒன்றரை கிலோ எடையும், அசையாமல் நிற்க ஓர் இடமும் இருந்தால் போதும். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் அந்த இடம் கிடைப்பது, மற்றவர்கள் தூங்கிய பிறகுதான்.