ஷின்சானுக்கு ஐந்து வயது; அவன் குரலுக்கு?

வடசென்னையின் கத்திவாக்கத்திலும் எர்ணாவூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாலை நேரத்துத் தொலைக்காட்சி தமிழ் பேசும் கார்ட்டூன்களுக்குத்தான். ஷின்சான், டோரேமான், சோட்டா பீம் என்று எந்த நாட்டுப் பாத்திரமும் நம் வீட்டுக்கு வந்ததும் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறது. மறுஒளிபரப்பில் பழைய எபிசோடும் புதிய எபிசோடும் கலந்தே வரும். உற்றுக் கேட்கும் பிள்ளை அப்போது ஒரு கேள்வி கேட்கும்: "முகம் அதேதான், குரல் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"

நல்ல கேள்வி. கார்ட்டூன் பாத்திரத்துக்கு வயது ஏறாது. அதற்குப் பின்னணிக் குரல் கொடுப்பவருக்கு ஏறும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும் தொடரில் இந்த இடைவெளியைச் சமாளிப்பதே ஒரு தனிக் கலை.

தொடக்கம்: குரலைத் தேடும் காலம்

ஒரு பாத்திரத்தின் குரல் முதல் எபிசோடிலேயே முழுதாக அமைந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் 'தி சிம்ப்ஸன்ஸ்' இதற்கு நல்ல சான்று. 1987-ல் வேறொரு நிகழ்ச்சிக்குள் சிறு துணுக்குகளாக வந்து, 1989 டிசம்பரில் தனித் தொடரான படைப்பு அது. அப்பா ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டா, முதலில் நடிகர் வால்டர் மத்தாவின் பேச்சைப் பின்பற்றித் தாழ்ந்த, அலுப்பான குரலில் பேசினார். தனித் தொடரானதும் மணிக்கணக்கில் ஒலிப்பதிவு செய்ய வேண்டியிருந்தது. கோபம், அழுகை, குதூகலம் எல்லாவற்றையும் அந்தக் குரலில் கொண்டுவர முடியவில்லை, தொண்டையும் தாங்கவில்லை. குரலைச் சற்று உயர்த்தி, தளர்த்திக்கொண்டார். இன்று உலகம் அறிந்த ஹோமர் அந்த மாற்றத்துக்குப் பின் வந்தவர்.

ஜப்பானில் 1979-ல் தொடங்கிய டோரேமான் தொடரில் பூனை ரோபோவுக்குக் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா. பிள்ளைகளோடு வாழும் ரோபோ கெட்ட வார்த்தை பேசாது, கண்ணியமாகத்தான் பேசும் என்பது அவரே எடுத்த முடிவு. தன் பாத்திரத்தின் குரல் இப்படித்தான் இருக்கும் என்பதை அவர் பேசிக் கேட்ட பிறகே உணர்ந்ததாக, அதைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ கூறியதை ஓயாமா நினைவுகூர்ந்திருக்கிறார். எழுதியவருக்கே தெரியாத ஒன்றைப் பேசுபவர் பாத்திரத்துக்குத் தருகிறார்.

சிறுவனுக்குப் பெண் குரல் ஏன்?

வயதுவந்த ஆணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்ணுக்குச் சுமார் 200. சிறு பிள்ளைகளுக்கு 250-க்கும் மேல். பருவ வயதில் பையன்களின் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது குரல் உடைகிறது. அதனால் ஒரு சிறுவனையே பேச வைத்தால், சில ஆண்டுகளில் வேறொருவனைத் தேட நேரிடும். சிறுவனின் குரலுக்கு நெருக்கமாக நின்று நெடுநாள் நிலைப்பது வயதுவந்த பெண்ணின் குரல்தான். பார்ட் சிம்ப்ஸனுக்கு நான்ஸி கார்ட்ரைட்டும், 'டிராகன் பால்' கோகுவுக்கு 1986 முதல் மசாகோ நொசாவாவும் குரல் கொடுப்பது இதனால்தான்.

பிள்ளைகளையே பேச வைத்த தொடர்கள் இரண்டு வழிகளில் போயின. 2000-ல் தொடங்கிய 'டோரா'வின் மூலத் தொடரில் காத்லீன் ஹெர்லெஸ் என்ற சிறுமி பேசினார். அவர் வளர்ந்ததும் கெய்ட்லின் சாஞ்செஸ், பிறகு ஃபாத்திமா ப்டாசெக் என்று ஆள் மாறினார்கள். டோரா மட்டும் ஏழு வயதைத் தாண்டவில்லை. 2024-ல் வந்த புதிய டோராவில் அதே ஹெர்லெஸ் டோராவின் அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

'அட்வென்ச்சர் டைம்' (2010–2018) இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. ஃபின் என்ற சிறுவனுக்குப் பேசிய ஜெரமி ஷாடாவின் குரல் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. ஆளை மாற்றாமல், கதையில் ஃபின்னையும் வளரவிட்டார்கள்.

குரல் ஓய்வு கேட்கும்போது

ஷின்சான் 1992-ல் ஜப்பானில் தொடங்கியது. ஐந்து வயதுச் சுட்டிப் பையனுக்கு 26 ஆண்டுகள் பேசியவர் அகிகோ யஜிமா. 2018-ல் அவர் விலகினார். அந்தக் குரலை உண்டாக்குவதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது, ஷின்சானாக இயல்பாகப் பேச வருவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். குரல் கெட்டுப்போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒலி அதேபோல் கேட்டாலும் நடிப்புக்கு இடமில்லாமல் போய்விட்டது என்பதுதான் அவர் கவலை. இந்தத் தொழிலின் நுட்பத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவருக்குப் பின் யுமிகோ கோபயாஷி வந்தார்.

ஷின்சானின் அப்பாவாகப் பேசிய கெய்ஜி ஃபுஜிவாரா உடல்நலக் குறைவால் 2016-ல் ஒதுங்கினார், 2020-ல் காலமானார். அதே தொழிலில் நொசாவா எண்பது வயதைக் கடந்த பின்னும் கோகுவாகக் கத்துகிறார். 1969-ல் தொடங்கிய 'சசாயே சான்' தொடரின் நாயகிக்கு மிடோரி கடோ அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறார். இத்தனை ஆண்டுதான் தாங்கும் என்று எந்தக் குரலுக்கும் கணக்குப் போட முடியாது.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் எப்படி மாற்றுவது? டோரேமான் குழு 2005 ஏப்ரலில் துணிச்சலான முடிவெடுத்தது. ஓயாமா உட்பட முதன்மைக் கலைஞர்கள் ஐவரும் ஒன்றாக விடைபெற்றார்கள்; ஓவிய நடையும் புதிதானது. டோரேமானாக வசாபி மிசுதா வந்தார். முரட்டுப் பையன் ஜியானுக்குப் பேச வந்த சுபாரு கிமுராவுக்கு அப்போது 14 வயது. பழைய குரலோடு வளர்ந்தவர்கள் மனம் நொந்தார்கள். ஆனால் ஒவ்வொருவராக மாற்றியிருந்தால், புதிதாக வந்தவர் பழைய கூட்டத்துக்கு நடுவே அந்நியராகக் கேட்டிருப்பார். ஐவரும் புதியவர்கள் என்பதால், பழையவர்களைப் போலப் பேசிக்காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

தமிழுக்கு வரும்போது

நம் பிள்ளைகள் கேட்பது இந்த மூலக் குரல்களை அல்ல. தமிழில் சிறுவர்களுக்கென்றே 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. டோராவும் அவள் தோழன் புஜ்ஜியும் வீடுதோறும் தெரிந்த பெயர்களானார்கள். அதில் வரும் குள்ளநரியைப் பார்த்துத் திருடக்கூடாது என்று அதட்டும் வசனத்தை ஒரு தலைமுறையே கூடச் சேர்ந்து சொன்னது.

அமெரிக்கக் கார்ட்டூனில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து அதற்கேற்ப வரைவார்கள். டப்பிங்கில் படம் ஏற்கெனவே முடிந்திருக்கும். கலைஞர் ஹெட்போனில் மூல ஒலியைக் கேட்டுக்கொண்டே, வாய் அசையும் நேரத்துக்குள் தமிழ் வசனத்தை முடிக்க வேண்டும். சிரிப்பு, மூச்சு, விக்கல் வரைக்கும் தானே கொடுக்க வேண்டும். ஒரே கலைஞர் இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு மாற்றி மாற்றிப் பேசுவதும் உண்டு.

இங்கே குரல் மாற இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. ஒளிபரப்பு உரிமை ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். டப்பிங் வேலை வேறொரு ஸ்டூடியோவுக்குப் போகலாம். அங்கே புதிதாக வாய்ஸ் டெஸ்ட் நடக்கும். முன்பு பேசியவர் நன்றாக இருந்தும் அவரைக் கூப்பிடாமல் போகலாம். ஜப்பானில் ஒரு குரல் மாறினால் செய்தி வெளியாகும். பார்வையாளர் விடைகொடுக்க நேரம் கிடைக்கும். தமிழில் மாறும்போது பிள்ளைகள் மட்டுமே கவனிக்கிறார்கள்.

கேட்பவர் காது மாறும்போது

ஹேங்க் அசாரியா 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரில் கடைக்காரர் அப்பு என்ற இந்தியருக்கு முப்பது ஆண்டுகள் குரல் கொடுத்தார். வெள்ளையரான அவர் இந்திய உச்சரிப்பை வேடிக்கையாக்கிப் பேசியதை, 2017-ல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு தன் ஆவணப்படத்தில் கேள்வி கேட்டார். அந்த உச்சரிப்பைச் சொல்லிப் பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளைகளின் வலி அதில் வெளிப்பட்டது. 2020-ல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார்.

இந்தக் கேள்வி வடசென்னைக்கும் உரியது. நம் சினிமாவிலும் டப்பிங்கிலும் இந்தப் பக்கத்துப் பேச்சு அடிக்கடி அடியாளுக்கும் கோமாளிக்கும்தான் கிடைக்கிறது. நல்லவனும் அறிவாளியும் வேறு தமிழ் பேசுகிறார்கள். தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் வளரும் பிள்ளை தன் வீட்டுப் பேச்சைக் கதாநாயகனின் வாயில் கேட்க வேண்டாமா? அது எழுத்தாளர்களும் டப்பிங் பொறுப்பாளர்களும் எடுக்கக்கூடிய எளிய முடிவு.

பெயரைச் சொல்லுங்கள்

அடுத்து வருவது இயந்திரக் குரல். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டு ஒரு பாடலில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக அறிவித்தார். அந்த நேர்மை எங்கும் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஓடிய கார்ட்டூனில் ஒரே கலைஞரின் குரல் மணிக்கணக்கில் பதிவாகிக் கிடக்கும். அதைக் கொண்டு அவர் இல்லாமலே புதிய எபிசோடு செய்வது இனிக் கடினமல்ல. அப்போது, முன்பு நடிப்பவர் எடுத்த முடிவுகளை யார் எடுப்பார்கள்? ஹோமரின் குரலை உயர்த்தியதும், ஷின்சானை விட்டு விலகியதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

பாடகர்களின் பெயர் ஊரறிந்தது என்பதால் அவர்கள் குடும்பத்தைத் தேடிப்போய்க் கேட்க முடிந்தது. தமிழ்க் கார்ட்டூனின் குரல் யாருடையது என்று நமக்குத் தெரியுமா? எபிசோடு முடியும்போது தமிழ்க் கலைஞர் பட்டியலைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. எப்போதாவது ஒரு யூடியூப் பேட்டியில்தான் முகம் தெரிகிறது. பெயர் தெரியாதவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஆகவே சேனல்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் தமிழில் குரல் கொடுத்தவர்களின் பெயரை, படிக்க முடிகிற வேகத்தில் போட வேண்டும். ஒப்பந்தத்தில், பதிவான குரலை இயந்திரத்துக்குக் கொடுப்பதற்குத் தனி அனுமதியும் தனி ஊதியமும் எழுதப்பட வேண்டும். பெயர் தெரிந்தால் குரல் ஏன் மாறியது என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் கிடைக்கும். கார்ட்டூன் குரலில் பேசிக் காட்டி வீட்டாரைச் சிரிக்கவைக்கும் கத்திவாக்கத்துப் பிள்ளைக்கும், கோடம்பாக்கத்தில் இப்படியொரு தொழில் இருக்கிறது, அதில் தனக்கும் இடமுண்டு என்பது தெரியவரும்.